பதவி முடிந்த அதிகாரிக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை?

கேள்வி, பிப்ரவரி 3

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு மையம் என்று வைத்திருக்கிறார்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர், முன்னாள் தூதர், முன்னாள் ஜெனரல் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதவியில் இருந்தபோது செய்ததற்கெல்லாம் ஆய்வு என்ற பெயரில் சப்பைக்கட்டு கட்டுவதைத் தவிர இவர்கள் என்ன செய்கிறார்கள்? கூட இருக்கும் பேராசிரியர்களோ அடுத்த அரசாங்கத்தில் நமக்கு ஒரு நாற்காலி விழுமா என்று பார்ப்பவர்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

பிப்ரவரி 3, இரவு

சப்பைக்கட்டு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து நினைவுக்குறிப்பு எழுதும் முன்னாள் அதிகாரி வேறு. எதிரில் பழைய எதிரி, மேஜை மேல் அந்தக் காலத்துக் கோப்பு, பக்கத்தில் விடாமல் கேட்கும் வரலாற்றாசிரியர் என்று மாட்டிக்கொண்ட முன்னாள் அதிகாரி வேறு. பல்கலைக்கழகத்தால் உருப்படியாகச் செய்ய முடிவது இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான்.

1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைக்க, அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்த நாட்கள். 1987 மார்ச்சில் ஹார்வர்டுக்காரர்கள் ஃபுளோரிடாவில் ஹாக்ஸ் கே என்ற இடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கென்னடியின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களையும் அறிஞர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். 1962இல் வெளியுறவு அமைச்சராக இருந்த டீன் ரஸ்க் வரவில்லை, கடிதம் அனுப்பியிருந்தார். கென்னடியின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மெக்ஜார்ஜ் பண்டி அதைப் படித்தார். துருக்கியில் இருக்கும் ஜூபிடர் ஏவுகணைகளை அமெரிக்கா எடுக்கட்டும், கியூபாவில் இருப்பதை சோவியத் எடுக்கட்டும் என்று ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் தானாகவே சொல்வதுபோல் ஒரு அறிக்கை. தேவைப்பட்டால் அதை அவர் கையில் சேர்க்க, முன்பு ஐ.நா.வில் வேலை பார்த்து அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ கார்டியரைத் தயாராக வைத்திருந்தாராம் கென்னடி. கால் நூற்றாண்டாக ரஸ்க் வாய் திறக்காத விஷயம் இது.

அடுத்தது 1989 ஜனவரி, மாஸ்கோ. இந்த முறை சோவியத் தரப்பும் மேஜையில் இருந்தது. ஜூபிடர் விஷயத்தில் ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி தன்னிடம் வெளிப்படையாகவே பேரம் பேசினார் என்பது, 1962இல் வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த தொப்ரீனின் கட்சி. ராபர்ட் கென்னடி இறந்த பிறகு 1969இல் வந்த அவருடைய நூலில் அப்படி இல்லையே? அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்தவர் ஜனாதிபதி கென்னடியின் ஆலோசகராக இருந்த தியோடர் சோரன்சன். நாட்குறிப்பில் பேரம் தெளிவாகத்தான் இருந்தது, அப்போது அது ரகசியம் என்பதால் நான்தான் எடுத்துவிட்டேன் என்று அங்கே எல்லார் முன்னாலும் சொன்னார். கென்னடி கண்ணிமைக்காமல் நின்றார், குருஷ்சேவ் பணிந்தார் என்ற கதையை வைத்து இருபது வருடம் பாடம் நடத்திவிட்டார்கள், பாவம்.

நீங்கள் சொல்லும் சப்பைக்கட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அது உடைந்ததும் இப்படி ஒரு கூட்டத்தில்தான்.

பிப்ரவரி 4

"அதற்கு ஒரு நல்ல பத்திரிகையாளர் போதாதா?" என்று கேட்கிறீர்கள்.

போதாது. பத்திரிகையாளருக்கு வாக்குமூலம் கிடைத்தால் வேலை முடிந்தது. இவர்கள் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினார்கள். மாஸ்கோவுக்குப் பிறகு 1991இல் ஆன்டிகுவா, 1992 ஜனவரியில் ஹவானா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் புதிதாகக் கோப்புகள் வெளியாகும், அதைக் கொண்டுபோய் மறுபடி கேட்பார்கள். ஹவானா கூட்டத்தை நடத்தியதில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிளைட்டுக்குப் பெரிய பங்கு. ஃபிடல் காஸ்ட்ரோவே வந்து உட்கார்ந்தார். கியூபாவில் இருந்த சோவியத் படையிடம் குறுந்தூர அணு ஆயுதங்களும் இருந்தன என்று சோவியத் ஜெனரல் கிரிப்கோவ் சொன்னதை, எதிரில் இருந்து ராபர்ட் மக்னமாரா கேட்டார். 1962இல் கியூபா மீது படையெடுக்கத் திட்டம் தயாராக இருந்தபோது பாதுகாப்பு அமைச்சர் அவர்தான். கரையில் தன் படைகளுக்கு என்ன காத்திருந்தது என்பது அவருக்கு முப்பது வருடம் கழித்துத் தெரிகிறது.

பிப்ரவரி 6

இன்னொருவர் நேரடியாகவே கேட்டிருக்கிறார்: நீ அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறாயா?

பார்த்திருக்கிறேன். ஒரு ஆய்வு மையத்தில் சில காலம் குறிப்பெடுக்கும் வேலை. பேட்டிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், பேட்டி நடக்கும்போது கோப்புகளை எடுத்து நீட்ட வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், குறிப்பிட்ட ஒரு முடிவு தன் மேஜைக்கே வரவில்லை என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் மறுத்துப் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார், நான் நகலை எடுத்து வைத்தேன். கீழே அவருடைய கையெழுத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "கையெழுத்து என்னுடையதுதான். இந்தத் தாள் ஞாபகமில்லை."

பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. பேட்டி அதற்கு அப்புறம்தான் உருப்படியாக ஆரம்பித்தது. தாளின் மேல் ஓரத்தில் பேனாவால் கிறுக்கியிருந்த பெயர்ச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். இது வரைவு எழுதியவர். இவர் சரிபார்க்க வேண்டியவர், ஆனால் அந்தச் சமயம் விடுப்பில் இருந்தார், அதனால்தான் அவர் இடத்தில் வேறு கை. வாரக் கடைசியில் இப்படி ஒரு கட்டு வரும், முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாளை நாங்கள் பல மாதம் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த வாசகங்களுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தோம். ஓரத்துக் கிறுக்கலை யாரும் சட்டை செய்யவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் அதிகாரியின் பதிலை அரைப்பங்குக்கு மேல் நம்பக் கூடாது. காகிதம் எந்த வழியாக வந்தது, யார் முதலில் பார்த்தது, யாருக்குச் சொல்லாமல் விட்டது என்று கேளுங்கள். அதை வேறு யாராலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். எப்படி நடந்தது என்பதிலும் அதிகாரிக்குத் தன் மேஜை வரைதான் தெரியும். மேஜைக்கு வராமலே போன ஆபத்துகள் எத்தனையோ.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் இருக்கும் ஸ்காட் சேகன் 1993இல் எழுதிய நூலில் தோண்டி எடுத்த சம்பவம் ஒன்று. 1962 அக்டோபர் 25, நெருக்கடி உச்சத்தில் இருந்த இரவு. மின்னசோட்டா மாநிலம் துலூத்தில் ஒரு விமானப்படை மையத்தின் வேலியில் ஏதோ உருவம் ஏறுகிறது. காவலாளி சுட்டுவிட்டு நாசவேலை எச்சரிக்கையைத் தட்டுகிறார். சுற்றுவட்டாரத் தளங்களிலும் அது ஒலிக்க வேண்டும். விஸ்கான்சினில் வோக் ஃபீல்டு தளத்தில் மட்டும் கம்பி இணைப்பு தப்பு. அங்கே ஒலித்தது போர் விமானங்கள் உடனே கிளம்ப வேண்டும் என்ற மணி. அணு ஆயுதம் ஏற்றிய எஃப்-106 விமானங்களில் விமானிகள் ஏறி ஓடுபாதைக்கு வந்துவிட்டார்கள். இந்த நாட்களில் ஒத்திகை கிடையாது என்று முன்பே சொல்லியிருந்ததால், போர் மூண்டுவிட்டது என்றே நினைத்தார்கள். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒருவர் காரை ஓடுபாதையில் ஓட்டிக்கொண்டு வந்து, விளக்கை அடித்து அடித்து நிறுத்தினார்.

வேலியில் ஏறியது கரடி.

வெள்ளை மாளிகையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் நினைவுக்குறிப்புகளை எத்தனை முறை புரட்டினாலும் இந்தக் கரடி கிடைக்காது. சேகன் கீழ்மட்டப் படைப்பிரிவுகளின் பதிவேடுகளை வாங்கிப் படித்தார். 1980களின் நடுவில் அவரே பென்டகனில் கூட்டுப்படைத் தலைமையகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். எந்த அலமாரியில் எந்த மாதிரிப் பதிவேடு இருக்கும் என்ற வாசனை அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

பிப்ரவரி 9

கரடிக்கு வந்த வரவேற்பு எனக்கு வந்ததில்லை. சேகனின் ஸ்டான்ஃபோர்டு மையத்திலேயே இருந்த லின் ஈடனையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் வந்த அவருடைய ஆய்வு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. அணுகுண்டு வெடித்தால் எவ்வளவு அழியும் என்று கணக்குப் போட்ட அமெரிக்கத் திட்டமிடுபவர்கள், காற்றழுத்தத்தால் இடிவதை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். மூளும் தீயைப் பல பத்தாண்டுகள் எடுக்கவில்லை. ஹிரோஷிமா எரிந்ததைப் பார்த்த பிறகும்.

மூடி மறைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. இடிபாட்டைக் கணக்கிடத் தெரிந்த நிபுணர்கள் இரண்டாம் உலகப் போரிலிருந்தே அந்த அலுவலகங்களில் இருந்தார்கள். சூத்திரம் இருந்தது, பணம் அதற்கே போனது. தீயை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. கணிக்க முடியாது என்பதால் ஆராயவில்லை, ஆராயாததால் கணிக்க முடியவில்லை. அழிவைக் குறைவாக மதிப்பிட்டால் அதே இலக்குக்குக் கூடுதல் குண்டுகள் வேண்டும் என்று கணக்கு வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்களைத் தேடிப் பிடித்துப் பேசாமல் ஈடனால் இதை எழுதியிருக்க முடியாது. அவர்களுக்கும் இவர் கேட்கும் வரை அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

பிப்ரவரி 10

இல்லை, எல்லாக் கருத்தரங்கும் இப்படி இருக்காது. பெரும்பாலும் தூக்கம் வரும். ஓய்வுபெற்ற ஜெனரல் பத்து நிமிடம் முன்னதாக வந்து கதவைப் பார்த்தபடி உட்காருவார். பேராசிரியர் பத்து நிமிடம் கழித்து வந்து, படிக்காத கட்டுரையைப் பற்றி அடிப்படைக் கேள்வி கேட்பார். தூதராக இருந்தவர் யாரையும் புண்படுத்தாமல் எல்லாருக்கும் உடன்பட்டுவிட்டு, கடைசியில் தன் கருத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டு போவார். ஆய்வு மாணவர்கள் மதியச் சாப்பாட்டுக்காக வந்திருப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

பிப்ரவரி 14

அடுத்த பதவிக்குக் காத்திருப்பவர்கள் பற்றி இப்போது. ஆரம்பக் கேள்வியில் எனக்கு உறைத்த பகுதி இதுதான், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முன்னாள் அதிகாரிகளை நான் இரண்டாகப் பிரித்துத்தான் படிப்பேன். இனித் திரும்பிப் போகப்போவதில்லை என்பவர் ஒரு வகை, போக வாய்ப்புள்ளவர் இன்னொரு வகை. முதல் வகைக்கு வில்லியம் பெர்ரி. கணிதம் படித்தவர். 1977 முதல் 1981 வரை பென்டகனில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். 1979இல் ஒருநாள் விடியற்காலை அவருக்குத் தொலைபேசி வந்தது. சோவியத்திலிருந்து 200 ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி காட்டுகிறது, இது பிழை என்றே நினைக்கிறோம், ஏன் என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று. பயிற்சி நாடாவை யாரோ கணினியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு ஸ்டான்ஃபோர்டு மையத்தின் இணை இயக்குநர், 1994 முதல் 1997 வரை பாதுகாப்பு அமைச்சர், மறுபடி ஸ்டான்ஃபோர்டு. 2007 ஜனவரியில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஷுல்ட்ஸ், கிஸ்ஸிங்கர், முன்னாள் செனட்டர் சாம் நன் ஆகியோருடன் சேர்ந்து அணு ஆயுதமில்லா உலகம் வேண்டும் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். 2016இல் இன்னும் ஒரு படி போய், தரையிலிருந்து ஏவும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளையே கைவிடலாம் என்றார். பொய் எச்சரிக்கையை நம்பி ஏவிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது என்பது அவர் வாதம். 1979இல் அந்தத் தொலைபேசியை எடுத்தவர் சொல்லும்போது அதற்குக் கனம் அதிகம்.

"அமைச்சராக இருந்தபோது ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தக் கேள்வியை நான் தீர்த்து வைக்கப் போவதில்லை.

இரண்டாம் வகைக்கு ஆஷ்டன் கார்ட்டரைச் சொல்லலாம் என்று தொடங்கினேன். சொல்லிப் பார்த்தால் என் பிரிவினை ஆட்டம் காண்கிறது. அவர் இயற்பியலாளர், ஹார்வர்டு பேராசிரியர். அரசாங்கத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்து கடைசியில் 2015இல் பாதுகாப்பு அமைச்சரே ஆனார். ஆசை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1991 நவம்பரில், சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கே இருக்கும் அணு ஆயுதங்கள் யார் கையில் போய்ச் சேரும் என்று அவரும் சக ஹார்வர்டு ஆய்வாளர்களும் ஒரு அறிக்கை எழுதினார்கள். செனட்டர்கள் நன், லூகர் இருவருக்கும் நேரில் விளக்கினார்கள். அந்த மாதமே சட்டம் தயாராகி, டிசம்பரில் கையெழுத்தானது. அந்த ஆயுதங்களைப் பத்திரப்படுத்தவும் அழிக்கவும் 40 கோடி டாலர். 1993இல் கார்ட்டர் பென்டகனுக்குப் போய் அந்தத் திட்டத்துக்குத் தானே பொறுப்பேற்றார். 1994இல் கஜகஸ்தானிலிருந்து ஏறக்குறைய 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்தை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது அந்த முயற்சிகளில் ஒன்று.

பதவி ஆசை இல்லாத ஒருவர் இதே அறிக்கையை எழுதியிருந்தால், அதை ஒரு செனட்டர் படித்து முடிக்கும் வகையில் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். ஆசை நாக்கைக் கட்டும், நீங்கள் சொல்வது சரி. சில நேரம் காலையும் கிளப்பிவிடும்.

பிப்ரவரி 15

நாக்கைக் கட்டிய கதை கேட்டீர்கள். 2002 செப்டம்பரில் ஈராக் போர் வேண்டாம் என்று 33 அறிஞர்கள் நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள். கென்னத் வால்ட்ஸ், ராபர்ட் ஜெர்விஸ், மியர்ஷைமர், ஸ்டீபன் வால்ட் என்று சர்வதேச உறவுத் துறையின் பெரிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. யாரும் போர் எதிர்ப்பு ஊர்வலம் போகும் ரகம் அல்ல. மியர்ஷைமர் விமானப்படை அதிகாரியாக இருந்தவர். கையெழுத்துப் போட்டவர்களில் அடுத்த ஆட்சியில் பதவிக்குக் காத்திருந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுபவர்கள் மிகக் குறைவு. துறை முழுதும் எவ்வளவு பேர் என்று நினைத்தால் 33 ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

பிப்ரவரி 19

ஜெனரல்களும் அமைச்சர்களும் போதும். இந்த மையங்களில் எனக்குப் பிடித்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள்.

ஸ்டான்ஃபோர்டு மையம் 1983இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தபோது இணை இயக்குநர்கள் இருவர்: சீனாவை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஜான் லூயிஸ், இயற்பியலாளர் சிட்னி ட்ரெல். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பாதிதான் புரியும் என்ற ஏற்பாடு. 2004 ஜனவரியில் லூயிஸ் வட கொரியாவுக்குப் போனபோது சீக்ஃபிரீட் ஹெக்கரையும் கூட்டிக்கொண்டு போனார். அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமாஸை 1986 முதல் 1997 வரை நடத்தியவர், குண்டுக்கான உலோகமாகிய புளூட்டோனியம்தான் அவர் தொழில்.

வட கொரியாவின் அணு ஆய்வு வளாகமான யோங்பியோனில் ஒரு உலோகப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். உள்ளே மரப்பெட்டி, அதற்குள் இரண்டு கண்ணாடி ஜாடிகள். திருகு மூடி, மேலே ஒட்டும் நாடா. ஒன்றில் பொடி, மற்றதில் 200 கிராம் புளூட்டோனிய உலோகம் என்றார்கள். அரசியல் அறிஞராக இருந்தால் படத்தை மனதில் பதித்துக்கொண்டு வந்திருப்பார். ஹெக்கர் ஜாடியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தார்கள். கனமாக இருந்தது, லேசாகச் சூடாகவும் இருந்தது. புளூட்டோனியம் தன் கதிரியக்கத்தால் தானே சூடாக இருக்கும். திரும்பி வந்து அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னபோது அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். பார்த்தது புளூட்டோனியத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் கையிலிருந்த வசதியில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது, குண்டாக மாற்றும் திறமைக்கும் இது ஆதாரம் இல்லை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார்.

பிறகு அவர் ஸ்டான்ஃபோர்டுக்கே வந்தார். 2010 நவம்பரில் லூயிஸ், முன்னாள் உளவுத்துறை ஆய்வாளர் ராபர்ட் கார்லின் இருவரோடும் மறுபடி அதே யோங்பியோன். இந்த முறை ஜன்னல் வழியாக வரிசை வரிசையாக யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்கள், 2,000 என்றார்கள் வட கொரியர்கள். பேராசிரியர், குண்டு விஞ்ஞானி, உளவு ஆய்வாளர் மூவரும் ஒரே ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள். ஒரு அரசாங்கக் குழுவை அன்றைக்கு உள்ளே விட்டிருப்பார்களா? வட கொரியர்களுக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம்பகமான, ஆனால் அரசாங்கம் அல்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிப்ரவரி 21

"ரகசியக் கோப்பைப் பார்க்க அனுமதி இல்லாதவன் என்ன ஆராய முடியும்?" என்ற கேலிக்கு: 2021இல் சீனாவின் யூமென் அருகே பாலைவனத்தில் 119 ஏவுகணைக் குழிகள் கட்டப்படுவதை வெளியே கொண்டுவந்தவர்கள், மிடில்பரி கல்வி நிறுவனத்தின் மான்ட்டரே ஆய்வாளர்கள். வணிகச் செயற்கைக்கோள் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அரசாங்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்தவர் வெளியே சொல்ல முடியாது, பதவி போன பின்னும் முடியாது. உளவுத்துறையில் இருந்தவர் வேலை தொடர்பாக எழுதும் எதையும் வாழ்நாள் முழுக்க முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவரோடு மதியம் சாப்பிடும்போது, நம் ஊகத்தைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது ஒரு தனிக் கலை. பெரும்பாலும் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார்.

பணம் பற்றியும் ஒருவர் கேட்டார். கார்னகி, மக்ஆர்தர் போன்ற அறக்கட்டளைகள்தான் பல காலம் தாங்கின. மக்ஆர்தர் அணு ஆயுதத் துறையிலிருந்து 2020களின் தொடக்கத்தில் விலகிக்கொண்டது. இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது முன்னாள் அமைச்சரின் நாற்காலியைவிட அதைத்தான்.

பிப்ரவரி 27

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டவருக்கு. வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அரசாங்க அலுவலகம் என்று நினைக்க வேண்டாம், அரசாங்கத்திடம் சண்டை போட்டு ரகசியக் கோப்புகளை வாங்கி வெளியிடுபவர்கள். கியூபா நெருக்கடி பற்றி அவர்கள் போட்டிருப்பது நிறைய, காசு வேண்டாம். கூட்டங்களின் எழுத்துப் பதிவு கிடைத்தால் தொடக்க உரைகளைத் தாண்டிவிடுங்கள், எல்லாரும் எல்லாரையும் பாராட்டியிருப்பார்கள். ஒருவர் குறுக்கே புகுந்து "அது அப்படி நடக்கவில்லை" என்று சொல்லும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள்.